கோஸ் இலையில் ஓட்டை: வண்ணத்துப்பூச்சி மட்டும்தான் குற்றவாளியா?

ஆங் மோ கியோவின் தாழ்வாரத் தோட்டங்களில் கறிவேப்பிலையும் புதினாவும் வெண்டையும் பழகிய முகங்கள். முட்டைக்கோஸ் அப்படியல்ல. விதை முளைத்து, நாற்று நிமிர்ந்து, நான்கைந்து இலை விரிந்ததுமே வீட்டிலுள்ள எல்லாரும் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நாள் காலை, இலையில் குண்டூசி முனை அளவில் ஓர் ஓட்டை தெரியும். மூன்றாம் நாள் அது சல்லடை. அடுத்த வாரம் பார்த்தால் நரம்பு மட்டும் மிச்சம்.

அந்த நேரத்தில் தொட்டிக்கு மேலே ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி பறந்துகொண்டிருந்தால் போதும், பழி முழுவதும் அதன்மேல் விழுந்துவிடும். பல சமயம் அது நிரபராதி. உண்மையான திருடன் இரவில் வந்து, முட்டையிட்டு, விடிவதற்குள் போயிருப்பான். யாரை விரட்டுகிறோம் என்று தெரியாமல் மருந்தடிப்பதால்தான் பாதித் தோட்டங்கள் கெடுகின்றன.

வெப்பத்தில் வளரும் கோஸ்

முட்டைக்கோஸ் குளிர் விரும்பும் பயிர். இலைகள் உருண்டு திரள்வதற்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்குப் பிடித்தமானது. நீலகிரி, நுவரெலியா, கேமரன் மலை ஆகிய இடங்களில் அது செழிப்பது அதனால்தான். மலைத் தோட்டங்களில் லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கோஸ் போட்டுப் பழகியவர்கள் சிங்கப்பூருக்கு வந்து அதே விதையைத் தொட்டியில் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே இரவில்கூட 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இலை விரியும், உருண்டை வராது.

வெப்பம் தாங்கும் ஒட்டு ரகங்கள் உண்டு. ‘கேகே கிராஸ்’ அவற்றில் பலரும் அறிந்த ஒன்று. சமவெளியிலும் அது உருண்டை பிடிக்கும். ஆனால் நாற்று நட்டதிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அவ்வளவு வெயில் இல்லாத தாழ்வாரங்களில் சாய் சிம், கைலான், சியாவ் பாய் சாய் போடுவதே புத்திசாலித்தனம். அவையும் கோஸின் உறவினர்கள்தான். 30, 40 நாளில் சட்டிக்கு வந்துவிடும். உறவினர்கள் என்பதால் பூச்சிகளும் ஒன்றே. இங்கே கோஸுக்குச் சொல்லப்படும் எல்லாம் அந்தக் கீரைகளுக்கும் பொருந்தும்.

தேசியப் பூங்காக் கழகம் 2005ல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபின் புளோக்குகளுக்கு இடையில் காய்கறிப் பாத்திகள் பெருகின. பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் குடியிருப்பாளர்கள் மூன்றாண்டுக்கு எடுத்துப் பயிரிடும் பாத்திகளும் உள்ளன. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். திட்டம் தொடங்கியபோது ஆண்டுக் கட்டணம் 57 வெள்ளி. அவென்யூ 6ல் புளோக் 700ன் பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் கூரையிலும் 2019ல் ஒரு காய்கறிப் பண்ணை இயங்கத் தொடங்கியது. 1973ல் வீவக கட்டுமானத்தைத் தொடங்குவதற்குமுன் இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களும் கம்பத்துக் காய்கறிப் பாத்திகளும் இருந்தன. மண்ணுக்குப் பழைய பழக்கம் உண்டு என்று சொல்லலாம்.

யார் இந்த வெள்ளைப் பூச்சி?

கோஸைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சி உண்மையிலேயே இருக்கிறது. ‘கோஸ் வெள்ளை’ என்றே அதற்குப் பெயர். வெள்ளைச் சிறகு, மேல் முனையில் கறுப்புத் தீற்று, நடுவில் கறுப்புப் பொட்டு. மலைப்பகுதிக் கோஸ் தோட்டங்களில் அது சாதாரணம். சிங்கப்பூரின் வண்ணத்துப்பூச்சிப் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில், சிறு புட்டி வடிவில், ஒவ்வொன்றாக முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு வெல்வெட் துணிபோலப் பச்சையாக இருக்கும். நடு நரம்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் பேட்டைகளில் பறக்கும் வெள்ளை, மஞ்சள் பூச்சிகளில் பெரும்பாலானவை கோஸைத் திரும்பிக்கூடப் பார்க்காதவை. புல்வெளியில் தரையோடு தரையாகத் தள்ளாடிப் பறக்கும் சின்ன வெள்ளைப் பூச்சியின் புழு, நாய்வேளை இனத்துக் களைச்செடிகளைத் தின்று வளர்வது. வெளிர் எலுமிச்சை நிறத்தில் விரைந்து போவது சரக்கொன்றையில் முட்டையிடும். சின்ன மஞ்சள் பூச்சிகளுக்கு அவரை, வாகைக் குடும்பத்து இலைகளே உணவு.

வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். இலையில் இறங்கியதும் முன்னங்காலால் தட்டிப் பார்க்கிறதே, அது இலையின் வேதிப்பொருளைச் சோதிக்கும் வேலை. கடுகுக் குடும்பத்துச் செடிகளில் ஒரு காரமான பொருள் உண்டு. கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறுவதும், கோஸ் வேகும்போது வீடெங்கும் மணப்பதும் அதனால்தான். மற்ற பூச்சிகளை விரட்டுவதற்காகச் செடி தயாரித்த அந்தக் காரமே கோஸ் வெள்ளைக்கு விலாசம் காட்டும் பலகையாகிவிட்டது.

தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி குழம்பும் இன்னோர் இடம் கறிவேப்பிலைத் தொட்டி. அதில் பறவை எச்சம்போலத் தொடங்கிப் பிறகு பச்சையாகும் கொழுத்த புழு, கறுப்பும் வெள்ளையுமான பெரிய வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற செடிகளைத் தவிர வேறு எதையும் அது தொடாது. அதைக் கண்டு பயந்து கோஸுக்கு மருந்தடிக்க வேண்டிய அவசியம் இல்லை. வளர்ந்த கறிவேப்பிலைச் செடி இரண்டு புழுவைத் தாங்கும். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் விட்டு வைத்து, கூடு கட்டிப் பறக்கும்வரை பார்க்கலாம்.

இரவில் வரும் வைர முதுகு

சமவெளியில் கோஸ், சாய் சிம் இலைகளைச் சல்லடையாக்குவது பெரும்பாலும் வைர முதுகு அந்துப்பூச்சி. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சாம்பல் நிறப் பூச்சி. சிறகை மடித்து உட்காரும்போது முதுகில் வைரக்கல் வரிசைபோல வெளிர்க் கோலம் தெரியும். அதன் புழு இளம்பச்சை நிறம். இரு முனையும் கூர்ந்திருக்கும். அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. விரலால் தொட்டால் அது பின்பக்கமாகத் துள்ளி நெளியும், அல்லது பட்டு நூல் விட்டு இலையிலிருந்து கீழே தொங்கும். வண்ணத்துப்பூச்சியின் புழு இப்படி ஆட்டம் போடாது.

சின்னப் புழுவாக இருக்கும்போது இலையின் அடிப்பக்கச் சதையை மட்டும் சுரண்டித் தின்னும். மேல்தோல் கண்ணாடிச் சன்னல்போல மிஞ்சும். அந்தச் சன்னல்களைப் பார்த்த நாளே வேலையில் இறங்க வேண்டும். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக இரண்டு வாரமே போதும். ஒரு பெண் பூச்சி நூற்றைம்பது, இருநூறு முட்டைகூட இடும். ஒரு கோஸ் உருண்டை பிடிக்கும் காலத்தில் அதன் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்வரை பார்த்துவிடலாம்.

மருந்துக்கு அடங்காத பூச்சிகளின் வரிசையில் இதற்கு முதலிடத்தில் ஒரு நாற்காலி உண்டு. ஜாவாவின் மலைப்பகுதிக் கோஸ் தோட்டங்களில் டிடிடி மருந்து இதனிடம் தோற்றுப்போனது 1950களின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. அதன்பின் வந்த மருந்துகளுக்கும் ஒவ்வொன்றாக அதே கதி. பூச்சிமருந்து தெளிக்கத் தெளிக்க, இந்தப் புழுவைத் தின்னும் குளவிகளும் சிலந்திகளும் முதலில் சாகின்றன. தப்பிப் பிழைத்த சில அந்துப்பூச்சிகள் எதிரி இல்லாத வீட்டில் குடும்பம் பெருக்குகின்றன. கேமரன் மலைத் தோட்டங்கள் பல ஆண்டு அனுபவித்த தலைவலி இது. 1970களில் அங்கே வெளிநாட்டிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மலைக் குளிரில் அது நன்றாகவே நிலைகொண்டது. ஆனால் அந்தக் குளவிக்குச் சமவெளி வெப்பம் ஒத்துக்கொள்ளாது. இங்கே அந்த வேலையைச் செய்வது வேறொரு சிறிய கறுப்புக் குளவி.

அந்தக் குளவியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இலையடியில் மெல்லிய வலைப்பைக்குள் பச்சையாகக் கூட்டுப்புழு தெரிந்தால் அது வைர முதுகு, நசுக்கிவிடலாம். அரிசிமணி அளவில், உள்ளே எதுவும் தெரியாதபடி கெட்டியான வெள்ளைப் பஞ்சுக்கூடு ஒட்டியிருந்தால் அது குளவியின் கூடு. புழுவின் உடலுக்குள் வளர்ந்து, அதைக் கொன்று வெளியே வந்தது. அதை நசுக்கினால் சம்பளம் வாங்காத காவலாளியைக் கொன்றதாகும்.

குருத்தைக் குடையும் புழு

இலையில் ஓட்டை விழுந்தால் மனம் வருந்தும், பயிர் பிழைக்கும். குருத்தில் புழு விழுந்தால் கோஸே இல்லை. நாற்று நட்ட முதல் மூன்று நான்கு வாரத்தில் ஒரு சிறிய அந்துப்பூச்சி வந்து நடுக்குருத்தருகே முட்டையிடும். மங்கலான நிறத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் உள்ள புழு, குருத்து இலைகளை நூலால் இழுத்துப் பிணைத்துக்கொண்டு உள்ளே குடையும். வெளியே பார்த்தால் செடி பச்சையாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் உருண்டை பிடிக்க வேண்டிய மொட்டு இருக்காது. பக்கத்தில் நாலைந்து சிறு குருத்துகள் கிளைத்திருக்கும். ‘ஏன் கோஸ் வரவில்லை, உரம் போதவில்லையா?’ என்று கேட்கும் பலரின் தொட்டியில் நடந்தது இதுதான். அந்தச் செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் ஒரு முழு உருண்டை திரும்பி வராது.

ஆகவே முதல் மாதம்தான் எல்லாம். தினமும் காலையில் குருத்தை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். நூலாம்படைபோல ஏதாவது ஒட்டியிருந்தாலோ, ஈரமான தூள் எச்சம் தெரிந்தாலோ, பல்குச்சியால் புழுவை எடுத்துவிடலாம். இரண்டு நாள் தாமதம்கூட அதிகம்.

இன்னொரு பூச்சி கூட்டமாக முட்டையிட்டு, வளர்ந்த கோஸின் இலைகளைப் பிணைத்து உள்ளே குடும்பம் நடத்தும். வேறொன்று பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியலை இலையடியில் ஒட்டிவிட்டுப் போகும்; அது வெட்டுப்புழு. பகலில் மண்ணில் ஒளிந்து இரவில் மேயும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: முட்டைக் குவியல் உள்ள இலையைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுவது. பொரித்தபின் இருநூறு புழுவைத் தேடுவதைவிட ஓர் இலையை இழப்பது மேல்.

வலைதான் முதல் மருந்து

வீட்டுத் தோட்டத்துக்கு வலையை மிஞ்சிய பாதுகாப்பு இல்லை. கோஸும் கீரைகளும் காய்க்க வேண்டியவை அல்ல. பாகற்காய், வெள்ளரிபோல மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ வந்துபோக வேண்டியதில்லை. நட்ட நாள்முதல் அறுக்கும் நாள்வரை மூடியே வைக்கலாம்.

தவறு நடப்பது வலையைத் தேர்ந்தெடுப்பதில்தான். மீன்வலைபோன்ற பெரிய கண் வலை பறவையைத் தடுக்கும், வண்ணத்துப்பூச்சியையும் ஓரளவு தடுக்கும். அந்துப்பூச்சி சிறகை மடித்துக்கொண்டு அதில் நுழைந்துவிடும். கொசுவலைத் துணி அந்துப்பூச்சிகளைப் பெரும்பாலும் நிறுத்தும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள பூச்சிவலை என்றால் சின்ன வண்டுகளும் வராது. அசுவினிக்கு அதுவும் போதாது. அதைவிட நெருங்கிய வலை போட்டால் காற்று புகாமல் செடி வெந்துபோகும். அசுவினியை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம். தாழ்வாரத்தில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு என்பதால் கறுப்பு, பச்சை வலை வேண்டாம், மெல்லிய வெள்ளை வலையே நல்லது.

வலை இலையைத் தொடக்கூடாது. தொட்டால் வண்ணத்துப்பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே கண் வழியாக முட்டையை ஒட்டிவிடும். பழைய கம்பித் துணிமாட்டிகளை நிமிர்த்தி வளைத்தால் தொட்டிக்குக் கூடாரக் கம்பியாகும். வலையின் விளிம்பைத் தொட்டியின் கழுத்தில் எலாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். பாத்தியென்றால் விளிம்பை மண்ணில் புதைக்க வேண்டும். கல் வைத்தால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வழி இருக்கும்.

கடையில் வாங்கிய நாற்றென்றால், மூடுவதற்குமுன் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்து, முட்டையைத் துடைத்துவிட வேண்டும். பார்க்காமல் மூடினால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டிய கதையாகும். குளவியும் சிலந்தியும் வர முடியாத இடத்தில் புழு நிம்மதியாக வளரும். மண்ணுக்கும் இது பொருந்தும். தொட்டால் தத்திப் பறக்கும் கடுகளவு கருவண்டு ஒன்று இலையில் குண்டு துளைத்ததுபோல் ஓட்டை போடும். அதன் புழு மண்ணில் வேரைத் தின்று வளர்வது. போன முறை கைலான் போட்ட மண்ணிலேயே இந்த முறையும் கோஸ் போட்டால், வண்டு வலைக்குள்ளேயே பிறக்கும். அந்தத் தொட்டியில் ஒரு முறை வெண்டையோ முளைக்கீரையோ போட்டுவிட்டுப் பிறகு கோஸுக்குத் திரும்பலாம்.

கடுகு, வேம்பு, பாக்டீரியா

வலை போட வசதியில்லாத சமூகத் தோட்டப் பாத்திகளுக்கு அஞ்சறைப்பெட்டியிலேயே ஓர் ஆயுதம் இருக்கிறது. வைர முதுகு அந்துப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு இலை பிடிக்கும். பெங்களூர் அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதை ஒரு முறையாகவே வகுத்தது. 25 வரிசை கோஸுக்கு இரு வரிசை கடுகு. முதல் கடுகு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், அடுத்ததைக் கோஸ் நட்ட 25 நாள் கழித்தும் விதைக்கச் சொன்னது. பூச்சிகள் கடுகுக்குப் போய்விடும். மருந்தைக் கடுகுக்கு மட்டும் அடித்தால் போதும்.

பாத்தி ஓரத்தில் ஒரு தொட்டிக் கடுகு வைத்தால் அதே வேலை சிறிய அளவில் நடக்கும். ஆனால் கடுகை விதைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு இது உதவாது. புழு சேர்ந்த கடுகுச் செடியை வாரம் ஒரு முறையாவது பார்த்து, மோசமானதைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போட வேண்டும். கவனிக்காமல் விட்ட கடுகு, பக்கத்துப் பாத்திக்கும் சேர்த்துப் புழு வளர்க்கும் பிள்ளைக்காப்பகம். ஒரு மீட்டர் அகலப் பாத்திகள் ஒட்டியொட்டி இருக்கும் இடத்தில் ஒருவர் கைவிட்ட கோஸ் அடுத்த பத்துப் பேரின் தலைவலி. சமூகத் தோட்டங்களில் மனக்கசப்பு இதிலிருந்து தொடங்கலாம்.

வேப்பெண்ணெய் தேக்காவில் எளிதாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, கூடவே சில சொட்டு மென்மையான சோப்புத் திரவம். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும். தமிழ்நாட்டு விவசாயிகள் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து 5 விழுக்காட்டுக் கரைசலாகத் தெளிப்பார்கள். எண்ணெயைவிட அது வீரியமானது. வேம்பு புழுவை உடனே கொல்வதில்லை. தின்ன மனமில்லாமல் செய்யும், தோலுரித்து வளரவிடாது. மறுநாளே புழு உயிரோடு இருக்கிறதே என்று இரண்டு மடங்கு ஊற்றினால் இலைதான் கருகும். மாலையில் தெளிக்க வேண்டும். முதலில் ஓர் இலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பூச்சிமருந்து என்ற பெயருக்கே அஞ்சுபவர்களும் தயங்காமல் பயன்படுத்தக்கூடியது ‘பிடி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாக்டீரியா. 1901ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் செத்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. 1911ல் ஜெர்மனியில் மாவுப்பூச்சிப் புழுவிலிருந்து மீண்டும் எடுக்கப்பட்டு, துரிங்கியா என்ற பகுதியின் பெயரைப் பெற்றது. புழு அதைத் தின்றால் காரத்தன்மை உள்ள அதன் குடலில் நஞ்சு விழித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் சாகும். மனித வயிறு அமிலம் என்பதால் அங்கே அது வேலை செய்வதில்லை. சிங்கப்பூரில் கொசுப்புழுவை ஒழிக்கப் பயன்படும் நுண்ணுயிரும் இதே குடும்பத்தின் வேறொரு கிளைதான்.

வெயில் பட்டால் பிடி சில நாளில் செயலிழக்கும், மழை கழுவிவிடும். ஆகவே பொழுது சாய்ந்தபின், இலையின் அடியில் படும்படி, பொட்டலத்தில் சொன்ன அளவில் தெளிக்க வேண்டும். சின்னப் புழுவிடம் நன்றாகப் பலிக்கும். பெரிய புழுவிடம் அவ்வளவாக இல்லை. வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் எல்லாமே அதற்குப் பலியாகும் என்பதால் கோஸைத் தாண்டி, வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே வளர்க்கும் செடிகள்மேல் படக்கூடாது. வாராவாரம் இதையே அடிப்பதும் கூடாது. ஹவாயில் அப்படி அடித்து அடித்து, தோட்டங்களிலேயே பிடிக்குப் பழகிக்கொண்டது எந்தப் பூச்சி தெரியுமா? அதே வைர முதுகுதான்.

வீட்டில் கரப்பானுக்கும் எறும்புக்கும் வாங்கிய தெளிப்பானை எடுத்துக் கீரையில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது உணவுப் பயிருக்கானது அல்ல. இத்தனை நாளில் அறுக்கலாம் என்ற கணக்கே அதில் கிடையாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கோஸை விட்டுவிட்டு வீட்டில் வளர்ப்பதே மருந்தில்லாமல் சாப்பிடத்தான் என்றால், அந்தத் தெளிப்பானோடு கணக்கு நேராகாது.

எறும்பு, நத்தை, மற்றவை

இலை சுருண்டு, அடியில் சாம்பல் பச்சையாகக் கூட்டம் சேர்ந்திருந்தால் அசுவினி. கூடவே எறும்பு ஏறி இறங்கும். அசுவினி விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பொறிவண்டு வந்தால் விரட்டும். குழாய்த் தண்ணீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்குச் சோப்புத் தண்ணீர். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி எறும்பைத் தடுக்கும் பழைய உத்தியை மட்டும் இங்கே கையாள வேண்டாம். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும், டெங்கிச் சோதனையில் அபராதமும் வரும்.

மழைக்குப் பிறகு பாத்தியில் பெரிய ஆப்பிரிக்க நத்தை ஓர் இரவில் நாற்று முழுவதையும் முடித்துவிடும். உப்புப் போட்டால் நத்தை சாகும், மண்ணும் கெடும். இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதே சிறந்தது. கையுறை கட்டாயம். நத்தை, எலியிடமிருந்து ஒட்டுண்ணிப் புழுவைச் சுமந்துவரக்கூடும். அது மனித மூளையுறையைத் தாக்கும். நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பதும் அதனால்தான்.

செண்டுமல்லி நட்டால் பூச்சி வராது, முட்டை ஓட்டைக் குச்சியில் மாட்டினால் வண்ணத்துப்பூச்சி பயந்து ஓடும் என்றெல்லாம் அறிவுரைகள் உலவுகின்றன. முட்டை ஓட்டுக் கதைக்கு ஆதாரமில்லை. கோஸுக்கு இடையில் தக்காளி நடுவது சில சோதனைகளில் வைர முதுகைக் குறைத்தது, சிலவற்றில் குறைக்கவில்லை. ஆங் மோ கியோவில் தக்காளி நடுவதற்கு வேறொரு காரணமும் சொல்லலாம்: ஹொக்கியன் மொழியில் ‘ஆங் மோ கியோ’ என்றால் தக்காளி. வெள்ளைக்காரர் பாலம் என்பதிலிருந்து ஊர்ப்பெயர் வந்ததா, வெள்ளைக்காரர் கத்திரிக்காயிலிருந்து வந்ததா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

தாழ்வாரத்தில் வைப்பவர்கள், வலைக்கூடாரம் வழியை அடைக்காமல் 1.2 மீட்டராவது நடக்க இடம் விட வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டியை வைக்கவே கூடாது. வலை காற்றை வாங்கிக்கொள்ளும், தொட்டி கீழே நடப்பவரின் தலையில் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் துணி காயவைத்திருக்கும் நேரத்தில் வேப்பெண்ணெய் தெளிப்பதையும் தவிர்க்கலாம். அந்த வாடை எளிதில் போகாது.

அறுவடை நாளில் வெளியிலைகள் நாலைந்தை எடுத்துவிட்டு, கோஸைப் பாதியாக வெட்டி, உப்புக் கலந்த தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் புழு வெளியே மிதக்கும். சைவ வீடுகளில் இந்த ஒரு காரியத்தைத் தவறவிடமாட்டார்கள். இலைமடிப்பில் கடுகுபோலக் கரும்பச்சை மணிகள் தெரிந்தால் அது புழுவின் எச்சம். அந்த இலையை மட்டும் எடுத்தால் போதும். கோஸை எடுத்தபின் தண்டை அப்படியே விட்டுவைக்காமல் வேரோடு பிடுங்கி, கட்டிய பையில் போட வேண்டும். தண்டில் தளிர் விட்டால் முதலில் அதைக் கண்டுபிடிப்பது அந்த அந்துப்பூச்சிதான்.